ஃப்ரேவகா: ஓர் ஐரிஷ் சொல்லும் அதற்கான தமிழும்

2024 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ஐரிஷ் மொழிப் பேய்ப்படம் ‘ஃப்ரேவகா’. எழுதி இயக்கியவர் ஆஷ்லின் கிளார்க். தலைப்பை அப்படியே எடுத்துக்கொண்டு ஐரிஷ் அகராதியில் தேடினால் கிடைக்காது. வேர்கள் என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லைக் காதில் விழுகிறபடி எழுதிய வடிவம் அது. முறையான எழுத்துக்கூட்டலில் அந்தச் சொல்லுக்குப் பத்து எழுத்து. படத் தலைப்பில் ஏழுதான்.

எழுத்துகள் குறைந்ததற்குக் காரணம் உண்டு. ஐரிஷில் ‘எம்’மை அடுத்து ‘ஹெச்’ வந்தால் அது வகரமாக ஒலிக்கும். ‘சி’யை அடுத்து ‘ஹெச்’ வந்தால் தொண்டையில் உரசும் ஓர் ஒலி. தலைப்பில் அந்த உரசலுக்குப் பதில் ‘கே’ போட்டிருக்கிறார்கள். தமிழில் நமக்கு வசதி அதிகம்: ‘பகல்’ என்னும்போது வரும் மெல்லிய ககரம் மூல ஒலிக்குப் பக்கத்தில் நிற்கிறது. அதனால்தான் இங்கே ‘ஃப்ரேவாக்கா’ என்று அழுத்தாமல் ஒற்றைக் ககரத்தோடு எழுதுகிறேன்.

ஒருமையில் ‘ஃப்ரேவ்’. பழைய ஐரிஷில் ‘ஃப்ரேம்’. ஐரிஷுக்கும் வெல்ஷுக்கும் தாயான செல்திய மூலமொழியில் சொல்லின் தொடக்கத்தில் இருந்த வகரம் ஐரிஷில் ஃபகரமாகவும் வெல்ஷ் மொழியில் ‘க்வ’ என்றும் மாறியது. ஆண் என்பதற்கு லத்தீனில் ‘விர்’, ஐரிஷில் ‘ஃபர்’, வெல்ஷில் ‘கூர்’ என்று வருவதும் இந்த மாற்றத்தால்தான். வேருக்கு வெல்ஷ் சொல் ‘க்வ்ரைத்’. லத்தீனின் ‘ராடிக்ஸ்’, ஆங்கிலத்தின் ‘ரூட்’, நாம் சாம்பாரில் போடும் முள்ளங்கிக்கான ‘ராடிஷ்’ எல்லாம் ஒரே குடும்பம். வகரமும் ரகரமும் இருப்பதைப் பார்த்து, தமிழ் ‘வேர்’தான் அயர்லாந்துக்குப் போனது என்று யாராவது கிளம்பிவிடக்கூடும். வேண்டாம். ‘வேர்’ திராவிடச் சொல். கன்னடத்தில் ‘பேரு’, தெலுங்கில் ‘வேரு’. ‘வேர்’ சொல்லுக்கும் ‘ஃப்ரேவ்’ சொல்லுக்கும் உறவில்லை.

பயன்பாட்டில் மட்டும் ஒற்றுமை நிறைய. சொல்லின் மூலத்தை அவர்களும் ‘ஃப்ரேவ்’ என்கிறார்கள், நாமும் வேர்ச்சொல் என்கிறோம். கணக்கில் வர்க்கமூலத்துக்கும் அவர்களுக்கு அதே சொல்தான். நாம் அங்கே வடமொழி ‘மூலம்’ வைத்துக்கொண்டோம். அதற்கும் வேர் என்றுதான் பொருள்.

படத்தில் இந்தச் சொல் எதைச் சுட்டுகிறது? ஷூ என்னும் இளம்பெண் நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளும் பணியாளர். தாய் தற்கொலை செய்துகொண்டிருக்கிறார். அந்தச் சாவுக்குப் பின் ஒதுக்குப்புறமான கிராமத்தில் பெய்க் என்ற மூதாட்டியைக் கவனித்துக்கொள்ளப் போகிறாள். தன் கல்யாண ராத்திரியில் ‘ஷீ’ என்னும், மண்மேடுகளுக்குள் வாழ்வதாக ஐரிஷ் நாட்டார் கதைகள் சொல்லும் மாய மாந்தர் தன்னைத் தூக்கிப்போனதாக நம்புகிறவர் பெய்க். தாய் பட்ட காயமும் பெய்க்கின் அச்சமும் ஷூவின் வாழ்க்கைக்குள் ஊடுருவுகின்றன.

இது வெறும் நாட்டார் கதையாக ஐரிஷ்காரர் காதில் விழாது. இதே இயக்குநரின் முந்தைய பேய்ப்படம் 1960இல், ஒரு மக்தலேனா சலவைக்கூடத்தில் நடப்பது. ‘ஒழுக்கம் கெட்டவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட பெண்களைக் கன்னியர் மடங்கள் அடைத்துவைத்துக் கூலியில்லாமல் துணி வெளுக்கவைத்த இடங்கள் அவை. கடைசிக் கூடம் 1996இல்தான் மூடப்பட்டது. 1993இல் டப்ளினில் ஹை பார்க் மடத்து நிலம் விற்கப்பட்டபோது கல்லறைகளிலிருந்து 155 பெண்களின் எச்சங்களைத் தோண்டி எடுத்தார்கள். டூவம் ஊரில் மணமாகாத தாய்மாருக்கென்று 1961 வரை நடந்த தாய்–சேய் இல்லத்தில் 796 குழந்தைகள் இறந்ததற்குப் பதிவு இருந்தது, புதைத்ததற்கு இல்லை. உள்ளூர் வரலாற்று ஆர்வலர் கேத்தரின் கோர்லெஸ் அந்தப் பதிவுகளைத் திரட்டினார். அங்கே முழு அகழ்வுப் பணி தொடங்கவே 2025 ஜூலை ஆகிவிட்டது. மண்ணுக்கடியில் இருப்பது என்றால் அங்கே உவமை இல்லை.

முந்தைய தலைமுறையிலிருந்து இப்படித் தொடர்ந்து வரும் காயத்துக்குத் தமிழில் எதைச் சொல்வது? பலரும் முதலில் ‘ஊழ்வினை’ என்பார்கள். பொருந்தாது என்பேன். ஊழில் செய்தவரே அனுபவிக்கிறார், பிறவி மாறினாலும் கணக்கு அவருடையது. இந்தப் படத்தில் மகள் எந்தத் தப்பும் செய்யவில்லை. ‘சாபம்’ கிட்டே வருகிறது, ஆனால் சாபத்துக்கு இட்டவர் ஒருவர் வேண்டும். ‘பூர்வீகம்’ சொத்து வாசனையடிக்கிறது. ‘ஆணிவேர்’ ஒன்றுதான் இருக்கும். பிடுங்கினால் விஷயம் முடிந்தது. கிளார்க்கின் தலைப்பு பன்மை.

ஆக ‘வேர்கள்’தான். அதிலும் ஒரு சிக்கல். தமிழில் வேர் என்றால் பெருமிதம். அயலகத் தமிழ் இளைஞர்களை ஊர் பார்க்க அழைத்துவரும் தமிழ்நாடு அரசின் திட்டத்துக்கு ‘வேர்களைத் தேடி’ என்று பெயர். அந்த இனிப்பு இந்தப் படத்துக்கு ஆகாது. வசன வரியில் மொழிபெயர்க்க நேர்ந்தால் ‘வேரோடிப்போனது’ என்று வினையாக்குவேன். நோய், பகை, வெறுப்பு எல்லாம் வேரோடுவதாக நாம் பேசுவதால் அதில் பெருமிதம் ஒட்டாது. தலைப்புக்கு மட்டும் ‘வேர்கள்’ இருக்கட்டும்.