கரையைத் தொடாத எண்ணெய்

2019 டிசம்பரில், தென் அமெரிக்காவின் கயானா நாட்டுக் கடலிலிருந்து முதன்முதலாகக் கச்சா எண்ணெய் வந்தது. இடம், கரையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர் தள்ளி. கடலடிக் கிணறுகளிலிருந்து குழாய் வழியே ஏறும் எண்ணெய் 'லிசா டெஸ்டினி' என்ற கப்பலுக்குள் போகிறது. நீரையும் வாயுவையும் அங்கேயே பிரித்துவிடுகிறார்கள். எண்ணெய் அந்தக் கப்பலின் தொட்டிகளில் சேர்கிறது, டேங்கர் வந்து ஏற்றிக்கொண்டு நேராக வெளிநாட்டுச் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. ஏற்றுமதியாகும் அந்த எண்ணெய் கயானாவின் மண்ணைத் தொடுவதே இல்லை.

ஆனாலும் 2022-ல் அந்த நாட்டின் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 60 சதவீதத்துக்கு மேல் வளர்ந்ததாகக் கணக்கு சொன்னது. நாட்டின் எல்லைக்குள் உற்பத்தியான எல்லாமே அந்தக் கணக்கில் சேரும், நிறுவனம் எடுத்துக்கொள்ளும் பங்கு உட்பட. மக்கள் கையில் எவ்வளவு சேர்ந்தது என்பது அதில் தெரியாது. கடல் எண்ணெயால் ஒரு நாட்டுக்கு என்ன கிடைக்கிறது என்று அறிய, எண்ணெய் விற்ற பணம் எங்கெங்கே பிரிந்து போகிறது என்று பின்தொடர்ந்து பார்க்க வேண்டும்.

100 டாலருக்கு எண்ணெய் விற்றது என்று வைத்துக்கொள்வோம். 2016-ல் கயானா செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அதில் 75 டாலர் வரை நிறுவனங்கள் தங்கள் முதலீட்டுச் செலவுக்காக எடுத்துக்கொள்ளலாம். மீதி 25 டாலரில் பாதி அரசுக்கு: 12.50. அதோடு ராயல்டி, அதாவது எண்ணெய் எடுப்பதற்காக விற்பனைத் தொகையில் அரசுக்குத் தரும் பங்கு, 2 சதவீதம். ஆக, 100-க்கு 14.50 டாலர். செலவு முழுவதும் வசூலான பிறகு பங்கு கூடும். ஆனால் அதே பகுதியில் புதிதாக ஒரு எண்ணெய் வயலைத் தோண்டினால், அந்தச் செலவையும் பழைய வயலின் வருமானத்தில் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது. அதனால் அந்த நாள் தள்ளிப்போகிறது.

நிறுவனத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு பீப்பாய் வருவதற்கு முன்பே பல நூறு கோடி டாலரைக் கடலில் இறக்க வேண்டும். தோண்டிய கிணற்றில் எண்ணெய் இல்லாமல் போனால் அந்த நஷ்டம் நிறுவனத்தோடு போகும். எண்ணெய் இருக்கிறதா என்று தெரியாத கடலில் அரசுக்குப் பேரம் பேசும் வலு குறைவு, இருக்கிறது என்று தெரிந்த கடலில் அதிகம். நார்வேயில் எண்ணெய் நிறுவனங்களின் லாபத்துக்கு 78 சதவீதம் வரி, அப்படியும் அங்கே கிணறு தோண்டுகிறார்கள். என் பார்வையில், கயானாவின் லிசா வயலில் எண்ணெய் இருப்பது 2015-லேயே தெரிந்துவிட்ட பிறகு எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் 2 சதவீத ராயல்டி மிகவும் குறைவு. 2023-ல் கயானா புதிய பகுதிகளுக்கு வகுத்த விதிகளில் ராயல்டி 10 சதவீதமாக உயர்ந்தது. பழைய ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது.

சரி, வேலைவாய்ப்பு? பெரிய செலவெல்லாம் கட்டுமானக் காலத்தில் நடக்கிறது, அதுவும் வேறு நாடுகளில். லிசா டெஸ்டினி தயாரானது சிங்கப்பூர் கப்பல் தளத்தில். உற்பத்தி தொடங்கிவிட்டால் அப்படியொரு கப்பலை நடத்த நூற்றுச்சொச்சம் பேரே போதும். கரையில் வேலை பெருகுவது துணைத் தொழில்களில்தான்: ஹெலிகாப்டர், சரக்குப் படகு, கிடங்கு, சமையல், பழுதுபார்ப்பு. ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரம் இப்படித்தான் வடகடல் எண்ணெயால் எழுந்தது. 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றது. 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனபோது, அதே நகரம் வேலையிழப்பையும் வீட்டு விலைச் சரிவையும் பார்த்தது.

எரிவாயுவின் கதை வேறு. அதை அப்படியே கப்பலில் ஏற்ற முடியாது. ஒன்று, குழாய் வேண்டும். இல்லையென்றால் மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கும் ஆலை வேண்டும். அந்த ஆலை பெரும்பாலும் கரையில்தான் அமையும், ஆகவே குழாய் எந்தக் கரையில் ஏறுகிறதோ அங்கே வேலையும் ஏறும். கிழக்குத் திமோர் இதை வலியோடு கற்றது. ஆஸ்திரேலியாவோடு பகிர்ந்துகொண்ட பாயு-உண்டான் எரிவாயு வயலின் அரசு வருமானத்தில் 90 சதவீதம் திமோருக்கு என்று முதலில் ஒப்பந்தமானது. ஆனால் குழாய் சுமார் 500 கிலோமீட்டர் ஓடி ஆஸ்திரேலியாவின் டார்வினில் ஏறியது. ஆலையும் அதன் வேலைகளும் அங்கேயே தங்கிவிட்டன. அடுத்த வயலான கிரேட்டர் சன்ரைஸின் குழாய் தங்கள் கரைக்கே வர வேண்டும் என்று திமோர் பல ஆண்டுகளாகப் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

பணம் நிறைய வந்தாலும் ஒரு ஆபத்து உண்டு. 1959-ல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பெரும் எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. அது நிலத்தில் இருந்த வயல்தான், ஆனால் பாடம் கடலுக்கும் பொருந்தும். எரிவாயு ஏற்றுமதியால் அந்நியப் பணம் குவிந்தது, நாட்டின் நாணய மதிப்பு ஏறியது. நாணயம் ஏறினால் அந்த நாட்டுத் தொழிற்சாலைப் பொருட்கள் வெளிநாட்டில் விலை கூடிவிடும், விற்காது. உள்நாட்டிலோ திறமையான ஆட்களையும் முதலீட்டையும் எண்ணெயும் எரிவாயுவும் இழுத்துக்கொள்ளும். மற்ற தொழில்கள் மெல்ல நலிகின்றன. 1977-ல் இதற்கு 'டச்சு நோய்' என்று பெயர் வந்தது. வயல் வற்றிய பிறகு, நலிந்த தொழில்கள் தானாகத் திரும்பி வருவதில்லை.

நார்வே இதற்குக் கண்ட மருந்து எளிமையானது. 1990-ல் சட்டம் போட்டு ஒரு நிதியை உருவாக்கியது, எண்ணெய் வருமானத்தை அதில் போட்டு முழுக்க முழுக்க வெளிநாட்டில் முதலீடு செய்கிறது. பணம் உள்ளே வராததால் நாணயம் அளவுக்கு மீறி வீங்குவதில்லை. நிதியின் மதிப்பில் ஏறத்தாழ 3 சதவீதத்தை மட்டும் ஆண்டுதோறும் அரசு செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. 2017-ல் அந்த நிதி ஒரு லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. அதே வடகடலில் எண்ணெய் எடுத்த பிரிட்டன் இப்படியொரு தேசிய நிதியை வைக்கவில்லை, வந்த வருமானம் அன்றாடச் செலவிலும் வரிச் சலுகையிலும் கரைந்தது.

விபத்தின் விலையையும் சேர்க்காமல் கணக்கு முடியாது. 2010-ல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய் தோண்டும் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். 87 நாட்கள் எண்ணெய் கொட்டியது, மீன்பிடிப் பகுதிகள் மூடப்பட்டன. அந்தக் கிணற்றுக்குப் பொறுப்பான பிபி நிறுவனத்துக்கு ஆன செலவு 6,500 கோடி டாலரைத் தாண்டியது. இவ்வளவைத் தாங்க வசதியுள்ள நிறுவனம் அது. சிறிய நிறுவனமாக இருந்திருந்தால் அந்தச் சுமை மீனவர்கள் தலையிலும் அரசின் தலையிலும்தான் விழுந்திருக்கும்.

அப்புறம், எண்ணெய் தீர்ந்த பிறகும் ஒரு செலவு காத்திருக்கிறது. கிணறுகளை சிமெண்ட் போட்டு அடைக்க வேண்டும், மேடைகளைப் பிரிக்க வேண்டும். பிரிட்டனில் இந்தச் செலவைக் காட்டி நிறுவனங்கள் முன்பு கட்டிய வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம், அதாவது மக்களும் அதில் பங்கு கொடுக்கிறார்கள். 2017-ல் வடகடலில் இருந்த பிரெண்ட் டெல்டா மேடையின் 24,000 டன் மேல்பகுதியை ஒரே தூக்கில் கப்பலில் ஏற்றி, இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் பிரித்தெடுக்கக் கொண்டுபோனார்கள். அதைத் தாங்கி நின்ற கான்கிரீட் கால்கள் இன்னும் கடலிலேயே நிற்கின்றன.