பட்ஜெட் என்னும் பாதீடு

பட்ஜெட்: பெயர்ச்சொல். வரப்போகும் பணத்தையும் ஆகப்போகும் செலவையும் முன்கூட்டியே கணக்குப் பார்த்து எழுதி வைப்பது. தமிழில் வரவு செலவுத் திட்டம், நிதிநிலை அறிக்கை, பாதீடு.

அகராதி இத்தோடு முடித்துக்கொள்ளும். பேச்சில் இந்தச் சொல் வேறு பக்கம் போய்விட்டது. ‘பட்ஜெட் போன்’ என்றால் மலிவான போன். ‘பட்ஜெட் கல்யாணம்’ என்றால் ஆள் குறைத்து, பந்தியைச் சுருக்கி நடத்தியது. ‘இந்த மாசம் பட்ஜெட்’ என்று உம்மா சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடும், வெள்ளிக்கிழமை பிரியாணி கிடையாது என்று. திட்டம் என்ற பொருள் தேய்ந்து, குறைப்பு என்ற பொருளே மிஞ்சி நிற்கிறது.

சொல்லின் பூர்வீகம் ஒரு தோல் பை. லத்தீனில் ‘புல்கா’, பழைய பிரெஞ்சில் ‘பூஜ்’, அதன் சிறிய வடிவம் ‘பூஜெத்’. ஆங்கிலத்துக்குள் போனபோதும் முதலில் பை என்றே பொருள்பட்டது. 1733-இல் இங்கிலாந்துப் பிரதமர் ராபர்ட் வால்போல் கொண்டுவந்த வரித் திட்டத்தைக் கிண்டல் செய்து வந்த ஒரு துண்டுப் பிரசுரத்தின் தலைப்பே ‘பட்ஜெட் திறக்கப்பட்டது’ என்பதுதான். வைத்தியன் பையைத் திறந்து மருந்து காட்டுகிற மாதிரி அமைச்சர் பையைத் திறக்கிறார் என்ற நக்கல். அந்த நக்கல் அப்படியே நிலைத்து, அரசாங்கக் கணக்குக்கே பெயராகிவிட்டது. இந்தியாவுக்கு இந்த வழக்கம் 1860-இல் வந்தது. விடுதலைக்குப் பிறகு 1947 நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்டை வாசித்தவர் கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார். 2019 வரை நிதியமைச்சர்கள் தோல் பெட்டியோடுதான் வந்தார்கள். அந்த ஆண்டு நிர்மலா சீதாராமன் சிவப்புத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்.

சரி, தமிழுக்கு வருவோம். ‘நிதிநிலை அறிக்கை’ சட்டமன்றத்துக்குப் பொருந்தும், அடுப்படிக்குப் பொருந்தாது. ‘வரவு செலவுத் திட்டம்’ தெளிவான சொல், ஆனால் நீளம். அன்றாடப் பேச்சில் அதை யாரும் முழுசாகச் சொல்லி முடித்து நான் கேட்டதில்லை. மூன்றாவதான ‘பாதீடு’ தமிழ்நாட்டில் எழுத்தோடு நிற்கிறது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் சாதாரணமாகப் புழங்குகிறது. மண்டபம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கம் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதனால் இது புதுச் சொல் இல்லை.

பாது என்றால் பங்கு. அதோடு சேர்ந்த ‘இடு’ முதலெழுத்து நீண்டு ‘ஈடு’ ஆனது. மதிப்பீடு, குறியீடு, ஒதுக்கீடு எல்லாம் இதே வார்ப்பு. ஆகப் பாதீடு என்றால் பங்கிடுவது. இது யாரோ அண்மையில் உட்கார்ந்து செய்த சொல் அல்ல. தொல்காப்பியம் வெட்சித் திணைக்குச் சொல்லும் துறைகளில் ஒன்று பாதீடு. பகைவரிடம் கவர்ந்து வந்த ஆநிரையை, அதாவது மாட்டு மந்தையை, யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று பார்த்து அவரவருக்குப் பிரித்துக் கொடுப்பது. சண்டை போட்டவனுக்கும் பங்கு உண்டு, முன்னால் போய் ஒற்றறிந்து வந்தவனுக்கும் உண்டு. குறளில் ‘பாத்தூண்’ என்று வருவதும் இந்த வேர்தான், பகுத்து உண்பது. ‘பாத்தி’யும் அப்படியே. வாலிநோக்கம் பக்கம் போனால் உப்புப் பாத்திகளாக அந்த வேரைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

பட்ஜெட்டுக்கு நான் பாதீட்டையே சிபாரிசு செய்வேன். செந்தமிழ்ப் பற்றைவிட, சொல் காட்டும் வேலைமுறைதான் காரணம். பையில் போட்டுவிட்டு எடுத்து எடுத்துச் செலவழிப்பது ஒரு முறை. வந்த உடனே பங்கு வைத்துவிடுவது இன்னொரு முறை. இந்த ராமநாதபுரக் கடற்கரையில் இரண்டாவதுதான் தொழில் தர்மம். படகு கரைக்கு வந்து மீன் விற்றதும் டீசல், ஐஸ் செலவைக் கழிப்பார்கள். அப்புறம் படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. விகிதம் படகுக்குப் படகு மாறும். படகும் வலையும் சோறு தின்னாவிட்டாலும் அவற்றுக்குப் பங்கு உண்டு என்பதுதான் கவனிக்க வேண்டியது. இல்லாவிட்டால் வலை கிழிந்த அன்று கடன் வாங்கத்தான் ஓட வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் குறையும் மாதங்களுக்கென்று தனியாக ஒரு சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு. மீனவர் 1,500 ரூபாய் கட்டினால் மத்திய அரசும் மாநில அரசும் ஆளுக்கு 1,500 போட்டு 4,500 ஆகத் திருப்பிக் கொடுக்கும். மீன்பாடு இல்லாத நாளுக்கும் பங்கு வைப்பது இங்கே பழக்கத்தில் இருப்பதுதான்.

இனி, இந்தப் பங்கு வைக்கும் முறையைச் சீக்கிரம் ஓய்வு பெறும் ஆசைக்குப் பொருத்திப் பார்ப்போம். நகரத்து ஐ.டி. பிள்ளைகள் இதற்கு ‘ஃபயர்’ என்று சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் இதே ஆசைக்கு வேறு பெயர்: ‘கேன்சல்’. வளைகுடா விசாவை ரத்து செய்துவிட்டு ஊரோடு வந்துவிடுவது. ‘அவரு கேன்சல்ல வந்துட்டாரு’ என்றால் இனித் திரும்பிப் போகமாட்டார் என்று அர்த்தம். வேலை போய் வந்தாலும் அதே சொல்தான், போதும் என்று வந்தாலும் அதே சொல்தான் (எது என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை). சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்) வீடுகளில் ஒவ்வொரு வீடியோ காலிலும் சின்னது கேட்கும், ‘வாப்பா எப்ப வருவீங்க?’ பதில் பெரும்பாலும் ‘இன்னும் ரெண்டு வருஷம்மா’. பாதீட்டில் கேன்சலுக்கென்று ஒரு பங்கு இல்லாத வீட்டில் அந்த ரெண்டு வருஷம் நகராது.

கணக்காகவே பார்ப்போம். மாதம் 60,000 ரூபாய் வீட்டுக்கு வருகிறது, 40,000 செலவாகிறது, 20,000 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்கு ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு வேண்டும் என்பது பரவலான கணக்கு. வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அதன்படி இந்த வீட்டுக்குத் தேவை 1 கோடியே 20 லட்சம். விலைவாசி ஏற்றம் போக ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்ந்தால் சுமார் 26 ஆண்டுகள் ஆகும். செலவில் மாதம் 5,000 குறைத்தால்? மிச்சம் 25,000 ஆகிறது. தேவையும் 1 கோடியே 5 லட்சமாக இறங்குகிறது. ஆண்டுகள் 21 ஆகச் சுருங்கும். மாதம் 5,000 ரூபாய் ஒரு தகப்பனை 5 ஆண்டு முன்னால் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. குறைத்த காசு சேமிப்பைக் கூட்டுகிறது, இலக்கையும் கீழே இறக்குகிறது. சம்பள உயர்வால் இந்த இரண்டாவது வேலை நடக்காது.

பெங்கன் பார்த்தது அமெரிக்கச் சந்தை, 30 ஆண்டு ஓய்வு. நாற்பத்திரண்டு வயதில் வந்து உட்காருகிறவருக்கு அது பற்றாது. 33 மடங்கு என்று வைப்பது நல்லது. வட்டி வாங்காத வீடுகளில் இந்தக் கணக்கைக் கடை வாடகையிலோ வியாபாரப் பங்கிலோ போட்டுப் பார்க்க வேண்டும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு சிக்கல். எங்கே குறைப்பது? முதலில் கை வைக்கிற இடம் மீன். சீலாவை விட்டுவிட்டு சூடைக்கு மாறுங்கள் என்று சொல்வது எளிது. சூடை ருசியில் குறைந்ததில்லை, விலையும் கையைக் கடிக்காது. ஆனால் மூன்று வயசுப் பிள்ளைக்குச் சூடையைப் பிய்த்து, மயிர் மயிராக இருக்கும் முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சோற்றோடு பிசைந்து ஊட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஐந்து வயசு ‘எனக்கும் முள்ளு எடுத்துத் தா’ என்று நிற்கும். தன் சோறு ஆறிப்போகும். இரண்டு வாரத்தில் அந்த உம்மா மறுபடி சீலாத் துண்டு வாங்கினால் அவளை ஊதாரி என்று சொல்ல எனக்கு மனம் வராது. பெரியவர்களுக்குச் சூடை, பிள்ளைகளுக்கு மட்டும் இரண்டு துண்டு சீலா என்று வாங்குகிறவர்கள் உண்டு. பாதீடு அதுதான்.

நிஜமாகவே பணம் போகிற இடங்கள் வேறு. குடிதண்ணீரைக் குடக்கணக்கில் வாங்கும் தெருக்களில் அது கட்டாயச் செலவு, தொட முடியாது. பள்ளிக்கூடம்தான் பெரிய பங்கு. அரசுப் பள்ளியில் 1 முதல் 5 வரை காலை உணவும் உண்டு, புத்தகமும் சீருடையும் இலவசம். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. வேனும் டையும் கட்டி அனுப்பினால்தான் மரியாதை என்ற நினைப்புக்கு எத்தனை வருஷ வெளிநாட்டு வேலை விலையாகப் போகிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அடுத்தது கல்யாணம். மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கமுள்ள கீழக்கரை போன்ற ஊர்களில், பெண் பிள்ளை பிறந்த அன்றே ஒரு வீடு கணக்கில் ஏறிவிடுகிறது. அதைப் பட்ஜெட்டில் எழுதாமல் விட்டால் வாப்பா பத்து வருஷம் கூடுதலாக அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

இங்கேதான் பாத்தியின் வரப்பு உதவும். பிள்ளைச் செலவை 25-ஆல் பெருக்கக் கூடாது. பால்மாவும் பேம்பர்ஸும் அடுத்த வருஷம் நின்றுவிடும், படிப்புச் செலவு ஏறும், அதுவும் ஒரு நாள் முடியும். எத்தனை வருஷம் மிச்சமோ அத்தனையால் மட்டும் பெருக்கித் தனிப் பாத்தியில் கட்டி வைக்க வேண்டும். சாகும்வரை ஆகும் செலவான அரிசி, கரண்ட், மருந்துக்குத்தான் 25 மடங்கும் 33 மடங்கும். இரண்டையும் கலந்து பெருக்குகிறவர்களுக்கு இலக்கு மலையாகத் தெரிந்து, முயற்சியையே விட்டுவிடுகிறார்கள். ஜக்காத் என்னும் ஏழைவரிக்கு நாற்பதில் ஒன்றை முதலிலேயே எடுத்து வைக்கத் தெரிந்த வீட்டுக்கு இப்படிப் பிரிப்பது புதுசாக இருக்காது.

‘சிக்கனம்’ இதற்கு மாற்றுச் சொல் ஆகாது. சிக்கென என்றால் இறுக்கமாக, உறுதியாக. அந்த இறுக்கம்தான் சிக்கனத்திலும் இருக்கிறது. இறுக்கிப் பிடிப்பது சிக்கனம், பிரித்து வைப்பது பாதீடு. கஞ்சத்தனம் இரண்டிலும் சேராது.

பயன்படுத்தும்போது கவனிக்க: வேற்றுமை உருபு சேர்ந்தால் டகரம் இரட்டிக்கும். பாதீட்டை, பாதீட்டில், பாதீட்டுக்கு. ‘பாதீடு போடு’ என்பதே பேச்சுக்கு இயல்பு. ‘பாதீடு செய்’ எழுத்துக்குச் சரி. பற்றாமல் போவதைச் சொல்ல ‘துண்டு விழுதல்’ என்று நல்ல வழக்கு இருக்கிறது, அதை விட வேண்டியதில்லை: ‘இந்த மாதப் பாதீட்டில் ஆயிரம் ரூபாய் துண்டு விழுகிறது.’ விலை மலிவான போனுக்குப் ‘பாதீட்டுப் போன்’ என்று எழுதாதீர்கள். அதற்கு ‘மலிவு விலைப் போன்’ போதும்.