ஐரிஷ் விஸ்கி: விலை எங்கே போகிறது, சுவை எங்கிருந்து வருகிறது

அயர்லாந்துக் குடியரசில் 2022 சனவரி முதல், ஒரு கிராம் ஆல்கஹாலை 10 சென்டுக்குக் குறைவாக விற்கக் கூடாது. 40 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட 700 மில்லி புட்டியில் ஏறத்தாழ 221 கிராம் ஆல்கஹால் இருப்பதால், எவ்வளவு எளிய விஸ்கியானாலும் அதன் விலை 22 யூரோவுக்குக் கீழே இறங்காது. அதில் கலால் வரி 12 யூரோ, மதிப்புக்கூட்டு வரி 4 யூரோ போக, எஞ்சும் 6 யூரோவுக்குள் தானியம், வடிப்பு, பீப்பாய், கண்ணாடி, கடைக்காரரின் இலாபம் அனைத்தும் அடங்க வேண்டும். அதே செறிவுள்ள 60 யூரோ புட்டிக்கும் கலால் வரி அதே 12 யூரோதான். மதிப்புக்கூட்டு வரியாக 11 யூரோ கழிந்தாலும் 37 யூரோ மிஞ்சுகிறது. விலை மூன்று மடங்கைக்கூட எட்டாத நிலையில், வரி போக மிஞ்சும் பணம் ஆறு மடங்காகிவிடுகிறது. ஐரிஷ் விஸ்கியில் நடுத்தர விலையே மிகவும் நியாயமானது என்று நான் கருதுவதற்கு இந்தக் கணக்கே முதற்காரணம்.

அந்தப் பணம் முதலில் வாலையில், அதாவது சாராயம் வடிக்கும் கலத்தில், தெரியும். விலை குறைந்த புட்டிகளில் பெரும்பாலானவை கலப்பு விஸ்கிகள். அவற்றில் கணிசமான பங்கு, மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்து தூண் வாலையில் இடைவிடாமல் வடிக்கப்பட்ட மென்மையான சாராயம். இந்த வாலைக்கு 1830-இல் காப்புரிமை பெற்ற ஈனியஸ் காஃபி, டப்ளினில் கலால் அதிகாரியாக இருந்தவர். அயர்லாந்தின் பெரிய வடிப்பாலைகள் அதை ஏளனமாக ஒதுக்க, ஸ்காட்லாந்து அதை அரவணைத்துக்கொண்டது. ஒதுக்கியவர்கள் விடாமல் காத்தது, செம்புப் பானை வாலையில் பெரும்பாலும் மூன்று முறை வடிக்கும் முறையை. முளைகட்டிய பார்லிக்கு 1785-இல் வரி விதிக்கப்பட்டபோது, முளைகட்டாத பார்லியையும் சேர்த்து ஊறவைக்கும் வழக்கம் வலுப்பட்டது. வரிக்காகச் செய்த அந்தச் சிக்கனம், நாக்கில் எண்ணெய்ப் பசையாகப் படர்ந்து மிளகுபோலச் சுரீரென்னும் தனிச்சுவையாக நிலைத்துவிட்டது. கார்க் மாவட்டத்தின் மிடில்டனில் உருவாகும் ரெட்பிரெஸ்ட் 12 என்னும் 12 ஆண்டு விஸ்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்தது மரம். அமெரிக்காவில் பூர்பன் விஸ்கியை உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் கலன்களில்தான் முதிரவைக்க வேண்டும் என்பதால், ஒருமுறை பயன்பட்ட பீப்பாய்கள் அங்கிருந்து ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றின் மரத்திலுள்ள வனிலின் என்னும் சேர்மம் வனிலா மணத்தையும், லாக்டோன் என்னும் சேர்மம் தேங்காய் மணத்தையும் தருகின்றன. ஒலோரோசோ ஷெர்ரி என்னும் ஸ்பானியத் திராட்சை மது ஊறிய பீப்பாய்களோ விலை மிகுந்தவை; உலர் திராட்சை, அத்தி, கொட்டைப் பருப்பு ஆகியவற்றின் சாயல் அவற்றிலிருந்தே வருகிறது.

மூன்றாவது காலம். சட்டப்படி மூன்றாண்டு முதிர்ச்சி போதும். ஆண்டுக்கு 2 விழுக்காடு ஆவியாகிறது என்று கொண்டால், 12 ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கும், 21 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கும் காற்றில் கரைந்துவிடும். ஆனால் 21 ஆண்டு விஸ்கியின் விலை பன்மடங்கு உயர்வதற்கு இந்த இழப்பு மட்டும் காரணமன்று. முடங்கிக் கிடந்த முதலும் சரக்கின் அருமையுமே பெரும்பகுதியை ஏற்றுகின்றன. மேலும், மிகுதியாக முதிர்ந்தால் மரத்தின் துவர்ப்பு தானியச் சுவையை மூடிவிடவும் கூடும். ஆகவே பெரிய எண்ணைக் கண்டு மட்டும் புட்டியை எடுக்க வேண்டியதில்லை. நிறத்தையும் நம்ப வேண்டாம், கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. 46 விழுக்காடோ அதற்கு மேலோ செறிவு இருந்து, குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டுதல்) செய்யப்படவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தால், நாவில் கனம் தரும் நீள்சங்கிலி எஸ்தர்கள் என்னும் சேர்மங்கள் பெரும்பாலும் தப்பியிருக்கும் என்று நம்பலாம்.

சுவைக்கும்போது, அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் குவளையில் இரண்டு விரற்கடை உயரத்துக்கும் குறைவாக ஊற்றி, மூக்கைச் சற்றே விலக்கி, வாயை இலேசாகத் திறந்தபடி முகர வேண்டும். நேராக இழுத்தால் எத்தனால் மூக்கை எரித்து மற்ற மணங்களை மறைத்துவிடும். பின்னர்ச் சில சொட்டு நீர் சேர்க்கலாம். நீர் கூடும்போது புகைமணம் தரும் கொயகால் மூலக்கூறுகள் மேற்பரப்பை நோக்கி நகர்வதை, சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தார் 2017-இல் கணினி உருவகத்தில் காட்டினர். புகை பெரும்பாலும் இல்லாத ஐரிஷ் விஸ்கிக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், நீர் விட்டதும் எரிச்சல் தணிந்து பழமணம் எழுவதை எவரும் உணரலாம்.

குவளையைக் கழுவாமல் விட்டு மறுநாள் காலை முகர்ந்து பாருங்கள். எளிதில் ஆவியாகும் எத்தனால் போய்விட்டிருக்கும். கனமான வனிலினும் மரத்தின் மணமும் கண்ணாடியில் தங்கியிருக்கும். 37 யூரோவில் பீப்பாய்க்குப் போன பங்கு அதுதான்.