அரிக்காத தேமலைத்தான் முதலில் காட்டுங்கள்

போன வாரம் கையில் தீப்புண்ணோடு ஒரு அம்மா கட்டுப் போட வந்தார். சுண்டு விரலும் மோதிர விரலும் வெந்து தோல் உரிந்திருந்தது. எப்படிம்மா சுட்டுக்கிட்டீங்க என்று கேட்டால், "தெரியல சிஸ்டர், கொப்புளம் வந்தப்புறம்தான் பார்த்தேன்" என்கிறார். சுட்டதே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், புண்ணுக்கு மட்டும் மருந்து வைத்து அனுப்ப முடியாது. முந்தானையை விலக்கி, ரவிக்கைக் கையை மேலே ஏற்றச் சொன்னேன். முழங்கைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிப் போன ஒரு படை. "அது தேமல் சிஸ்டர், ரெண்டு வருஷமா கீது. அரிக்கவும் இல்ல, வலிக்கவும் இல்ல, அதான் உட்டுட்டேன்."

இந்தக் கடைசி வரியைக் கேட்டுக் கேட்டு மனசு சலித்துவிட்டது. ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்களும் இதைத்தான் சொல்கிறார்கள், குடியாத்தத்தில் பீடி சுற்றும் அக்காக்களும் இதைத்தான் சொல்கிறார்கள், கல்லூரியில் படிக்கிற பையனும் இதையேதான் சொல்கிறான். அரித்தால் வியாதி, அரிக்காவிட்டால் ஒன்றுமில்லை என்று யார் இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது?

தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அரிக்கிற தோல் வியாதிகள் உண்டு. படர்தாமரை அரிக்கும். சொறி ராத்திரியில் தூங்க விடாது, வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோரும் சொறிவார்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோலில் வேலை செய்கிறவர்களில் சிலருக்குக் கை வெடித்து, அரித்து, நீர் வடியும். இவை உங்களைத் தொல்லை செய்வதால் நீங்களே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவீர்கள். தொழுநோய்ப் படை அப்படி எந்தத் தொல்லையும் தருவதில்லை. அந்தக் கிருமி நரம்பில் போய் உட்காருகிறது. அந்த இடத்தில் முதலில் சூடும் குளிர்ச்சியும் தெரியாமல் போகும், பிறகு தொடுவது தெரியாது, கடைசியில் வலியும் தெரியாது. உங்களுக்கு அரிக்காமல் இருப்பது தோல் நன்றாக இருப்பதால் இல்லை. அங்கே உணர்ச்சி செத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அரிக்காத படையை முதலில் காட்டுங்கள் என்கிறேன்.

இது வேலூர்க்காரர்களுக்கே தெரியாமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1946-ல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் திரும்பத் திரும்பக் காயம்பட்டுச் சீழ் வைத்துத்தான் தேய்ந்து போகிறது என்று எடுத்துக் காட்டினார். மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையும் இங்கேதான் செய்தார். காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனை 1955-லிருந்து இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் இருந்துகொண்டு, மருந்துக் கடையில் போய் "தேமலுக்கு ஒரு ட்யூப் கொடுப்பா" என்று கேட்கிறோம்.

அந்த ட்யூப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பல க்ரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். தடவினால் சிவப்பு அடங்கும், படர்தாமரை உள்ளே பரவும், தோல் மெலிந்துவிடும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் தடவாதீர்கள்.

சரி, எது தேமல், எது இல்லை? சாதாரணத் தேமல் பெரும்பாலும் கழுத்து, நெஞ்சு, முதுகில் வரும். நகத்தால் லேசாகச் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். அங்கே தொட்டால் நன்றாகத் தெரியும். வெண்புள்ளி பால் வெள்ளையாக இருக்கும், உணர்ச்சி மாறாது, யாருக்கும் ஒட்டாது. தொழுநோய்ப் படை முழு வெள்ளையாக ஆகாது. நம் நிறத்தில் வெளிறியோ செம்பு நிறத்திலோ இருக்கும். அதன் மேல் ரோமம் குறைந்திருக்கும், தோல் வறண்டிருக்கும். வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திரத்தில் கை முழுக்க வேர்த்து வழிய, அந்தப் படை மட்டும் காய்ந்து கிடந்தால் அன்றைக்கே கிளம்பி வாருங்கள்.

நாங்கள் பார்க்கும் விதம் ரொம்பச் சுலபம். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் உட்கார வைப்போம். டியூப்லைட்டில் லேசான நிற மாற்றம் கண்ணுக்குச் சிக்காது. பஞ்சைத் திரித்து, முதலில் நல்ல தோலில் தொட்டுக் காட்டுவோம். பிறகு கண்ணை மூடச் சொல்லி, தொட்ட இடத்தை விரலால் காட்டச் சொல்வோம். அந்த அம்மாவின் படையில் நடுவில் தொட்டபோது அவர் கை அசையவே இல்லை. ஓரத்துக்கு வெளியே தொட்டதும் சட்டென்று விரல் வந்தது. முழங்கை எலும்புக்குப் பின்னால் தடவிப் பார்த்தால் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. சுண்டு விரலும் மோதிர விரலும் ஏன் மரத்தன என்பதற்கு விடை அங்கே இருந்தது. வீட்டில் பஞ்சால் தொட்டுப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் ஊசியால் குத்துவது, சூடு வைத்துப் பார்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். முகத்தில் படை இருந்து உணர்ச்சி இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள், முகத்தில் உணர்ச்சி அவ்வளவு சீக்கிரம் போகாது.

படையே இல்லாமலும் வரும். முகத் தோல் பளபளவென்று ஆகும், காது மடல் தடிக்கும், புருவம் ஓரத்திலிருந்து உதிரும். "இப்பதான் முகத்துல களை வந்திருக்கு" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். புருவம் உதிர்வது தைராய்டாலும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் மை தீட்டி மறைக்காமல் காட்டுங்கள்.

மறைப்பது என்றதும் நகம் ஞாபகம் வருகிறது. ஆஸ்பத்திரிக்கு வரும்போது நெயில் பாலிஷை அழித்துவிட்டு வாருங்கள். ரத்த சோகையில் வெளுத்த நகம், இரும்புச்சத்து குறைந்து ஸ்பூன் மாதிரி குழிந்த நகம், நுரையீரல் வியாதியில் நுனி உருண்ட விரல் எல்லாம் எங்களுக்குச் சேதி சொல்பவை. நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் ரத்தம் திரும்ப வேண்டும். மருதாணிக்கு அடியில் அதை நான் எப்படிப் பார்ப்பது?

என் கூட வேலை செய்கிற தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நோயாளியைத் திருப்பிப் பார்க்காமல் சார்ட்டில் தோல் நன்றாக இருக்கிறது என்று எழுதாதீர்கள். உடம்பு துடைக்கிற நேரம்தான் தோலைப் பார்க்கிற நேரம். மாநிறத் தோலில் படுக்கைப் புண்ணின் ஆரம்பச் சிவப்பு தெரியாது. இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் கை வைத்து, சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

சர்க்கரைக்காரர்களே, வலிக்கவில்லை என்பதை நம்பாதீர்கள் என்பது உங்களுக்கும்தான். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வெறுங்காலில் சுற்றி வந்து, கொப்புளம் உடைந்தது தெரியாமல் இரண்டு நாள் கழித்து வருகிறீர்கள். சாமி கும்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை. கால் மரத்தவர்கள் வெறுங்காலில் நடக்க வேண்டாம். தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

அந்த அம்மா தொழுநோய் என்ற பேரைக் கேட்டதும் அழுதார். பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அழுகிறவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை, பயமுறுத்தி வைத்திருக்கும் ஊர்மேல்தான் வருகிறது. தொட்டால் ஒட்டுகிற வியாதி இல்லை இது. மருந்து சாப்பிடாத ஒருவரோடு நெடுநாள் நெருங்கிப் பழகினால்தான் பரவ வாய்ப்பு, அப்படியும் பெரும்பாலானவர்களின் உடம்பு அதை எதிர்த்துவிடும். மருந்து ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே பரவுவது நின்றுவிடும். அவரை வீட்டை விட்டு அனுப்பத் தேவையில்லை, தட்டு டம்ளர் பிரிக்கத் தேவையில்லை. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்றிருந்த சட்டப் பிரிவுகளைக்கூட 2019-ல் எடுத்துவிட்டார்கள். வீட்டில் இருக்கிறவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களையும் பரிசோதிப்போம், தடுப்புக்கு ஒரே ஒரு வேளை மருந்தும் உண்டு.

கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 6 மாதமா 12 மாதமா என்பதை டாக்டர் சொல்வார். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள், மாத்திரையின் நிறம்தான் அது. தோல் கொஞ்சம் கறுக்கும், மருந்து முடிந்த பிறகு மெல்லத் தெளியும். கறுத்துவிட்டேன் என்று பாதியில் நிறுத்தாதீர்கள் அம்மா. நடுவில் படை சிவந்து வீங்கினாலோ, நரம்பு வலித்தாலோ, விரல் திடீரென்று பலம் இழந்தாலோ, கண் மூட முடியாமல் போனாலோ மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், அட்டையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே வந்துவிடுங்கள்.