மிஸ்வாக்: குச்சியும் சொல்லும்

ரமலான் பிறந்துவிட்டால் பள்ளிவாசல் வாசலில் அத்தர், தொப்பி, தஸ்பீஹ் மணிகளோடு, பிளாஸ்டிக் உறையில் அடைத்த பல் துலக்கும் குச்சிகளும் விற்பனைக்கு வந்துவிடும். ‘மிஸ்வாக் மரத்துக் குச்சிதானே?’ என்று கேட்டு வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மிஸ்வாக் என்றொரு மரம் கிடையாது.

அரபியில் ‘ஸாக’ என்றால் தேய்த்தான். அதிலிருந்து வந்தது ‘ஸிவாக்’. பல் தேய்க்கும் செயலுக்கும் அதுவே பெயர், தேய்க்கும் குச்சிக்கும் அதுவே பெயர். நபிமொழிகளான ஹதீஸ்களில் பெரிதும் வருவது இந்தச் சொல்தான். ‘மிஸ்வாக்’ கருவியை மட்டும் குறிக்கும். வினையின் முன்னால் ‘மி’ சேர்த்துக் கருவிப்பெயர் ஆக்குவது அரபி வழக்கம்: திறப்பது மிஃப்தாஹ், அறுப்பது மின்ஷார், தேய்ப்பது மிஸ்வாக். சுவாஹிலி மொழிக்குப் போன இச்சொல் அங்கே ‘ம்ஸ்வாகி’ ஆகி, இன்று கடையில் வாங்கும் பிளாஸ்டிக் டூத் பிரஷையும் குறிக்கிறது. மரத்தின் பெயராக இருந்திருந்தால் பிளாஸ்டிக்குக்குப் போயிருக்காது.

மரத்துக்கு அரபியில் ‘அராக்’ என்று பெயர். தமிழில் அது உகா. உகாய் என்றும் சொல்வதுண்டு. களர் நிலத்திலும் வறண்ட கடலோரத்திலும் வளரும் மரம், ராமநாதபுரம் கரையோரத்திலும் உண்டு. குறுந்தொகையின் 274ஆம் பாட்டு பாலை வழியைச் சொல்லும்போது, இதன் அடிமரத்தைப் புறாவின் முதுகுக்கு ஒப்பிடுகிறது. சாம்பல் பூத்த அந்தப் பட்டையைத் தொட்டுப் பார்த்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும். இவ்வளவு பழைய பெயர் நம்மிடம் இருக்க, ‘மிஸ்வாக் மரம்’ என்று புதிதாக ஒன்றைச் சொல்லித் திரிவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் மிஸ்வாக்குக்குத் தமிழ் என்ன? பல்குச்சி. மிஃப்தாஹ் திறவுகோல் என்றால் மிஸ்வாக்கைத் துலக்குகோல் என்று ஆக்கலாம், அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மக்கள் நாவில் உள்ளது பல்குச்சிதான். ஸிவாக் என்ற செயலுக்குப் பல் துலக்குதல் மிகச் சரியாகப் பொருந்தும். பாத்திரம் துலக்குவதும் பல் துலக்குவதும் நமக்கு ஒரே வினை. தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது. உகாவில் ஒடித்ததை உகாக்குச்சி என்று சொல்லிவிட்டால் குழப்பமே இல்லை. வேப்பங்குச்சி, ஆலங்குச்சி என்று சொல்லிப் பழகிய வாய்தானே நம்முடையது.

தம் சமுதாயத்துக்குச் சிரமமாகிவிடும் என்றில்லாவிட்டால் ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்கக் கட்டளையிட்டிருப்பேன் என்று நபிகள் நாயகம் (ஸல்) சொன்னதாக புகாரி, முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்புகள் இரண்டிலும் வருகிறது. அவர்களுடைய இறுதி நேரத்தில் மைத்துனர் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் ஒரு பல்குச்சியோடு உள்ளே வருகிறார். நபிகளின் பார்வை அதன்மேல் நிற்பதைக் கண்ட அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி), அதை வாங்கி மென்று மிருதுவாக்கிக் கொடுக்கிறார்கள். எத்தனை முறை படித்தாலும் அந்த ‘மென்று மிருதுவாக்கி’ என்ற இடத்தில் நின்றுவிடுவேன்.

ஈறுக்கு நல்லது எது, கெட்டது எது என்பதும் அந்த மிருதுவில்தான் இருக்கிறது. எனக்கு அது பட்டுத் தெரிந்தது. மாதக்கணக்கில் மேசையில் கிடந்து காய்ந்துபோன குச்சியை அப்படியே எடுத்துக் குறுக்காக அழுத்தித் தேய்த்தேன். இரண்டாம் நாள் ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. அத்தா குச்சியைப் பிடுங்கி வைத்துவிட்டு, புதிதாக ஒன்றைத் தண்ணீரில் ஊறப்போட்டார். சுண்டுவிரல் கனம். நுனியில் ஒரு விரற்கடைக்குத் தோலைச் சீவி, மெல்ல மென்றதும் நார் பூப்போல விரிந்தது. கடுகு அரைத்த காரம் மூக்கில் ஏறியது.

அந்தக் காரத்துக்கு ஒரு காரணம் உண்டு. கடுகு இனத்தில் இருப்பது போன்ற ஐஸோதயோசயனேட் வகைப் பொருள் உகா வேரிலும் இருக்கிறது. ஈறு நோயோடு தொடர்புள்ள பாக்டீரியாக்களை அது அழிப்பதை சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் ஆய்வகத்தில் காட்டினார்கள். அதற்காகக் குச்சி ஒன்றே போதும் என்று சொல்லமாட்டேன். கடைவாயின் உட்பக்கத்துக்கு அது எளிதில் எட்டாது. ஈறில் சீழோ பல்லில் ஆட்டமோ இருந்தால் பல் மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

குறுக்கே தேய்க்காமல், ஈறிலிருந்து பல் நுனியை நோக்கித் துலக்குங்கள். நார் நைந்து காரம் போனதும் அந்த நுனியை வெட்டிவிட்டு, புதிதாகத் தோல் சீவிக்கொள்ளுங்கள்.