துடுப்பு வண்டி கட்டுகிறீர்களா? முதலில் பிரேக்கைக் காட்டுங்கள்

பினாங்கின் ஜெலுத்தோங்கில் இருக்கும் என் பட்டறைக்கு இந்த ஆண்டு மட்டும் மூன்று பேர் கைப்பேசியும் கையுமாக வந்துவிட்டார்கள். மூவரும் காட்டியது ஏறக்குறைய ஒரே மாதிரிக் காணொளி. ஐரோப்பாவில் எங்கோ ஒருவர் மூன்று சக்கர வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து, படகில் துடுப்புப் போடுவதுபோல் இரு கையாலும் இழுக்கிறார், வண்டி பறக்கிறது. “அப்பாவுக்கு இதுபோல் ஒன்று செய்து தர முடியுமா?” என்று இருவர் கேட்டார்கள். மூன்றாமவர் கேட்கவே இல்லை. தாமே ஒன்றைக் கட்டி லோரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார். செயின் அடிக்கடி நழுவுகிறதாம், அதை மட்டும் சரிசெய்தால் போதுமாம். வெல்டிங் சுத்தமாக இருந்தது. மஞ்சள் பெயிண்டும் அழகு. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், பிரேக்கைக் காணவில்லை.

“மூன்று சக்கரம்தானே சார், விழாது. கையால் இழுத்து என்ன பெரிய வேகம் வந்துவிடப் போகிறது?” என்றார்.

ஜெலுத்தோங்கில் வராதுதான். ஆயர் ஈத்தாம் அணைச் சாலையில் மேலே கொண்டுபோய்த் திருப்பிவிட்டால் வரும்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடங்களுக்கு மேல் இயந்திர வடிவமைப்பாளனாக இருந்தவன் நான். இப்போது நடக்க முடியாதவர்களுக்கான வண்டிகளையும் ஊன்றுகோல்களையும் செய்கிறேன். துடுப்பு வண்டி இரண்டு கட்டியிருக்கிறேன். முதலாவது என்னைக் கீழே தள்ளியது. இரண்டாவது இன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இடைப்பட்ட காலத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கையால் ஓடும் மூன்று சக்கர வண்டி புதிதல்ல. 1655-இல் ஜெர்மனியின் நியூரம்பெர்க் பக்கத்தில், நடக்க இயலாத ஸ்டெஃபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரக்காரர் தமக்காகவே ஒன்றைச் செய்துகொண்டார். அது கைப்பிடியைச் சுற்றி ஓட்டுவது. துடுப்பு இழுப்பை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தவர்களில் நெதர்லாந்தின் டெர்க் தைஸ், அமெரிக்காவின் ஸ்காட் ஓல்சன் இருவரையும் சொல்ல வேண்டும். உடற்பயிற்சிக் கூடங்களில் இன்று நாம் பார்க்கும் துடுப்பு இயந்திரத்துக்கும் இதே குடும்பம்தான்: கான்செப்ட் 2 நிறுவனம் 1981-இல் வெளியிட்ட முதல் இயந்திரத்தில் சுழன்றது ஒரு மிதிவண்டிச் சக்கரம்.

உள்ளே நடப்பது எளிமையானது. கைப்பிடியை இழுத்தால் செயின் பல்சக்கரத்தைச் சுற்றும். பல்சக்கரத்தில் ஃப்ரீவீல் இருப்பதால் இழுப்பு மட்டும் சக்கரத்துக்குப் போகும். கையைத் தளர்த்தியதும் ஒரு ரப்பர் கயிறோ ஸ்பிரிங்கோ செயினைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மறுபடி இழுப்பு. இவ்வளவுதான். பழைய மிதிவண்டி இரண்டும் வெல்டிங் இயந்திரமும் இருந்தால் ஒரு வாரக் கடைசியில் கட்டிவிடலாம். ஆபத்தே அங்கேதான் தொடங்குகிறது.

என்னிடம் இந்த வண்டியைக் கேட்டு வந்தவர் சுங்கை பினாங்கு அடுக்குமாடியில் வசிக்கும் அண்ணன் ஒருவர். முப்பது வருடம் லோரி ஓட்டியவர், வயது 61. சர்க்கரை நோயால் வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டுவிட்டது. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வு மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்கிறது. என் பட்டறை வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் அந்த எண் எனக்கு வியப்பாக இல்லை. சக்கர நாற்காலியைத் தள்ளித் தள்ளி அண்ணனுக்குத் தோள்பட்டை வலி வந்திருந்தது. “கை இருக்கிறது, முதுகு இருக்கிறது, ஒரு கால் இருக்கிறது. இதை வைத்து ஒன்று கட்டிக்கொடு தம்பி” என்றார். கேட்டது நியாயம். நாற்காலியைத் தள்ளும்போது உழைப்பது தோளின் முன்பக்கம். துடுப்பு இழுப்பில் முதுகும் தோளின் பின்பக்கமும் வேலை செய்கின்றன. கால் கொஞ்சம் உதவினாலும் பலன் பெரிது, ஏனென்றால் துடுப்புப் போடுவதில் பெரும்பங்கு சக்தி காலிலிருந்துதான் வருகிறது.

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். பெடல் மிதிப்பவரின் கால்கள் மாறி மாறி வேலை செய்கின்றன. துடுப்பு வண்டியில் இழுத்த பிறகு திரும்பிப் போகும் நேரம் வெறும் நேரம். சமதரையில் அது பெரிதாகத் தெரியாது. ஆளும் வண்டியும் சேர்த்து 110 கிலோ, வேகம் மணிக்கு 15 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை வினாடி கை ஓய்ந்தால் வேகம் ஒரு கி.மீ. கூடக் குறையாது. அதே வண்டி நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏறும் மேட்டில் மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போகும்போது அதே ஒன்றரை வினாடி ஓயுங்கள். பாதிக்கு மேல் வேகம் போய்விடும். இரண்டரை வினாடி ஆவதற்குள் வண்டி நின்றேவிடும். நின்றதும் பின்னால் உருளும்.

சக்திக் கணக்கும் இடிக்கிறது. அந்த மேட்டில் அந்த வேகத்துக்குச் சராசரி 90 வாட் வேண்டும். பயிற்சி இல்லாத ஆரோக்கியமான ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடியதே 75 முதல் 100 வாட் வரைதான். நேரத்தில் நாற்பது விழுக்காடு மட்டுமே இழுப்பு என்றால், இழுக்கும் கணத்தில் 225 வாட் தர வேண்டியிருக்கும். அறுபத்தொரு வயதில், ஒரு காலுடன், சர்க்கரையுடன். அதனால்தான் இரண்டாவது வண்டிக்கு மூன்று கியர் வைத்தேன். மேட்டுக்கு மிகத் தாழ்ந்த கியர். குட்டையாகவும் வேகமாகவும் இழுத்தால் வெறும் நேரம் சுருங்குகிறது. பின்னால் உருளாமல் பிடிக்க, பிரேக் பிடியில் ஒரு பூட்டும் உண்டு.

என்னைத் தள்ளிவிட்டது வேறொரு தவறு. முதல் வண்டியில் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. பழைய பிள்ளைகள் வண்டியின் பின் அச்சு கையில் இருந்தது, அதனால்தான் அந்த அமைப்பு. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது. காணொளியில் பார்த்தபடி இருக்கையைத் தண்டவாளத்தில் உருளவிட்டேன். படகில் இருப்பதுபோல் முன்னும் பின்னும் போகும் இருக்கை. பார்க்க என்ன அழகு!

ஒரு ஞாயிறு மாலை, சந்தை மூடிய பிறகு, அதன் கார் நிறுத்துமிடத்தில் நானே ஓட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய 15 கி.மீ. வேகம். தூண் ஒன்றைச் சுற்றி வளைக்கும்போது, எல்லாரும் செய்வதுபோல் இழுப்பதை நிறுத்திவிட்டு பிரேக்கைத் தொட்டேன். வண்டி மெதுவானது, இருக்கை மெதுவாகவில்லை. என்னையும் சுமந்துகொண்டு தண்டவாளத்தில் முன்னால் வழுக்கிப் போனது. உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழுவதைக் கண்ணால் பார்த்தேன். அடுத்த கணம் என் இடது முழங்கை தாரில் தேய்ந்துகொண்டிருந்தது. அப்பம் பாலிக் விற்கும் மலாய்க்கார அம்மா தண்ணீர் போத்தலுடன் ஓடிவந்தார்.

வீட்டுக்குப் போய்க் கட்டுப்போட்டுக்கொண்டு கணக்குப் போட்டேன். விழுவதற்கு முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கு. பின்சக்கரங்களுக்கு இடையே 75 செ.மீ., எடை மையத்தின் உயரம் 55, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 150. நான் பின்னால் உட்கார்ந்திருந்தால் ஐந்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 17 கி.மீ. வரை தாங்கும். எழுபது கிலோ உடம்பு நாற்பது செ.மீ. முன்னால் போனதும் மொத்த எடை மையமும் இருபத்தைந்து செ.மீ. முன்னால், அதாவது ஒற்றைச் சக்கரத்தை நோக்கி, நகர்கிறது. தாங்கும் வேகம் 14 கி.மீ. சொச்சமாக இறங்கிவிடுகிறது. நான் போனது 15.

மூன்று சக்கரம் விழாது என்பவர்களுக்கு இதைத்தான் காட்டுகிறேன். இரண்டு சக்கர வண்டி வளைவில் சாயும், அதனால் தப்பிக்கும். மூன்று சக்கரம் சாயத் தெரியாமல் நிமிர்ந்து நின்று, பிறகு ஒரேயடியாகக் கவிழும். பினாங்கு பெச்சாவை, அந்த மூன்று சக்கர ரிக்‌ஷாவைப் பாருங்கள்: பயணி முன்னால், இரண்டு சக்கரங்களுக்கு நடுவே, ஓட்டுபவர் பின்னால், ஒற்றைச் சக்கரத்தின் மேல். பயணியின் எடை எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அதை வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. பொறியியல் படித்த எனக்கு முழங்கை தேய்ந்த பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது வண்டியில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. இருக்கை அசையாது, அதற்குப் பதில் கால்பலகை நகர்கிறது. ஆள் எழுபது கிலோ, பலகையோ மூன்று கிலோதான். இதனால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. உருளும் இருக்கையில் ஒவ்வோர் இழுப்புக்கும் வண்டி விக்கல் எடுப்பதுபோல் முன்னும் பின்னும் குலுங்கும். அது நின்றுவிட்டது.

திசைதிருப்புவதும் தலைவலிதான். இழுக்கும் கைப்பிடியையே திருப்பும் கைப்பிடியாகவும் வைத்தால், வலது கை சற்றுப் பலமாக இழுக்கும்போதெல்லாம் வண்டி வலப்பக்கம் போகும். இரு கையும் சரிசமமாக இழுக்கும் மனிதரை நான் இதுவரை பார்க்கவில்லை. அண்ணன் வண்டியில் கைப்பிடி நாற்பது பாகை திரும்பினால்தான் சக்கரம் இருபது பாகை திரும்பும். நடுநிலைக்குக் கொண்டுவர ஒரு ஸ்பிரிங்கும் உண்டு. இருந்தும் லேசாக வளைந்து வளைந்துதான் போகிறது. ஆகவே கார்கள் உரசிப் போகும் சாலைக்கு அது ஏற்றதல்ல என்று அண்ணனிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

பிரேக். தேர் இழுக்க நூறு கை சேரும்; நிறுத்துவது சக்கரத்தடியில் சன்னக்கட்டை போடுகிறவரின் சாமர்த்தியம். திருவாரூர் ஆழித்தேருக்கே திருச்சி பெல் நிறுவனம் செய்த ஹைட்ராலிக் பிரேக் பொருத்தப்பட்டிருக்கிறது. தெய்வம் ஏறும் தேருக்கு வேண்டியிருப்பது அப்பா ஏறும் வண்டிக்கு வேண்டாமா? மூன்று மாடி உயரம், ஒரு பத்து மீட்டர், சரிவில் இறங்கினால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி, சமதரையில் 25 கி.மீ. வேகத்திலிருந்து நிறுத்துவதற்கு வேண்டியதைப்போல் நான்கு மடங்கு. பினாங்கின் பிற்பகல் மழையில் ரிம்மைக் கவ்வும் ரப்பர் கட்டைகள் முதல் சில சுற்றுகளுக்கு வழுக்கவே செய்யும். முன்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி டிஸ்க் பிரேக் போடுங்கள், பிடி இழுக்கும் கைப்பிடியிலேயே இருக்கட்டும். ஆபத்தில் கை வேறெங்கும் தேடிப் போகாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கைப்பிடி நாள் முழுக்க ஆடுவதால் கேபிளும் கூடவே ஆடும். அண்ணன் வண்டியில் நான்காம் மாதம் உறையைக் கழற்றிப் பார்த்தேன். பிடியை ஒட்டிய இடத்தில், வெளியே தெரியாமல், பத்தொன்பது இழையில் ஆறு அறுந்து துடைப்பக் குச்சிபோல் விரிந்திருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேபிளை மாற்றுகிறோம், அறுந்திருந்தாலும் அறுந்திராவிட்டாலும்.

அடுத்தது பின்னால் வருவது. நாற்காலியில் இருப்பவர் கையால் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார். துடுப்பு வண்டியை ஃப்ரீவீல் பின்னால் இழுக்காது, ஒற்றைக் காலால் உந்தவும் முடியாது. மோட்டார் சைக்கிள்கள் அடைத்து நிற்கும் ஐந்தடிப் பாதையில், அதாவது கடைகளின் முன்னால் ஓடும் நடைபாதையில், நுழைந்துவிட்டால் யாராவது வந்து தூக்கும்வரை அங்கேயே இருக்க வேண்டியதுதான். முன்சக்கரங்களில் சக்கர நாற்காலியின் கைவளையத்தைப் பொருத்தியதும் இது தீர்ந்தது. யாரும் யோசிக்காத விஷயம், செலவும் அதிகமில்லை.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இரண்டாம் வாரம் அண்ணன் வந்தபோது இடது காலின் காலணியைக் கழற்றச் சொன்னேன். குதிகாலின் ஓரத்தில் இருபது சென் காசு அளவுக்குச் சிவப்பு. கால்பட்டையின் பக்கிள் அழுத்திய இடம். “வலிக்கவே இல்லையே தம்பி” என்றார். வலிக்காததுதான் பயம். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் இப்படி ஒரு சிவப்பிலிருந்துதான் அந்த வலது காலின் கதையும் தொடங்கியிருந்தது. பக்கிளை எடுத்துவிட்டு அகலமான மெத்தைப் பட்டை தைத்தோம். ஓட்டி முடித்ததும் மனைவி கண்ணாடி பிடித்துப் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. இழுக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, விட வேண்டும். அடக்கி இழுத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இருதய நோயோ முதுகுத்தண்டுக் காயமோ உள்ளவர் மருத்துவரிடமும் உடலியக்கச் சிகிச்சையாளரிடமும் பேசிய பிறகே இதில் ஏற வேண்டும். அப்படிப்பட்டவர்களுக்கு மருத்துவரின் சீட்டு இல்லாமல் நான் அளவெடுப்பதில்லை.

மற்றவை சில்லறை. ரப்பர் கயிற்றைக் குழாய்க்குள் போடுங்கள். வெயிலில் காய்ந்து அறுந்தால் கண்ணில் அடிக்கும். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத திருகாணி. தாழ்வான வண்டி லோரிக்காரர் கண்ணில் படாது, ஆகவே நீளக் கம்பியில் ஒரு கொடி. இந்தக் கொடி யோசனை அண்ணனுடையது. முப்பது வருடம் உயரத்தில் உட்கார்ந்து ஓட்டியவர் சொன்னால் கேட்க வேண்டும்.

மஞ்சள் வண்டிக்காரர் முதலில் கோபித்துக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து வண்டியுடன் மறுபடி வந்தார், இந்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு. செயினைத் தொடவில்லை; முன்னால் இரண்டு டிஸ்க் பிரேக்குக்கு இடம் வெட்டிக்கொண்டிருக்கிறேன். லோரி அண்ணன் காலை ஏழு மணிக்குக் கடலோர மிதிவண்டிப் பாதையில் ஓட்டுகிறார். போன வாரம் வந்து, பாலேக் பூலாவ் மேட்டில் ஏற நான்காவது கியர் ஒன்று வைக்க முடியுமா என்று கேட்டார். ஏறுவதைப் பற்றிப் பிறகு பேசலாம், எப்படி இறங்குவீர்கள் என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.