வாழைச் சீப்புக்குக் கிராம்பு எண்ணெய்: முக்குவதற்கு முன்

கம்பம் பக்கம் ஒரு விவசாயி அவசரமாகக் கூப்பிட்டார். ஜி9 (கிராண்ட் நைன்) ரக வாழை, நல்ல திரட்சியான காய். ஆனால் பிரித்து அடுக்கிய சீப்புகளின் அடிப்பக்கத்தில் சூடு வைத்தது போலக் கறுப்புத் திட்டுகள். மேலே காம்புப் பக்கமோ வெள்ளைப் பூஞ்சாணம் பூத்து அழுகியிருந்தது. "காம்பு அழுகாம இருக்கணும்னு கிராம்பு எண்ணெயைத் தண்ணியில கலந்துதான் முக்கினேன் சார்" என்றார்.

தொட்டித் தண்ணீரை அவர் இன்னும் கொட்டவில்லை. குனிந்து பார்த்தேன். அடியில் எண்ணெய் குண்டுகுண்டாகத் தேங்கிக் கிடந்தது. கிராம்பு எண்ணெய் தண்ணீரைவிடக் கனமானது, மிதக்காது. அடியைத் தொட்ட தோல் வெந்துபோனது. மருந்து சேர வேண்டிய காம்புக்குக் கிடைத்தது வெறும் தண்ணீர்.

எண்ணெயின் மேல் குற்றமில்லை. கிராம்பில் உள்ள யூஜினாலும் கறுவாப்பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடும் பூஞ்சாணத்தின் செல் சவ்வைக் குலைத்து, உள்ளிருப்பதைக் கசியவிடுகின்றன. அளவு மிஞ்சினால் பழத்தோலின் செல்லுக்கும் அதே கதிதான். அதனால் எண்ணெய் தண்ணீரில் சீராகப் பரவியாக வேண்டும். எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் கலக்க வைக்கும் ட்வீன் 20 போன்ற ஒரு குழம்பாக்கியை முதலில் எண்ணெயோடு சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, பால் போல வெளுக்கும்வரை அடித்துக் கலக்குங்கள். அப்புறம்தான் தொட்டியில் ஊற்ற வேண்டும். முக்கும்போதும் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கையுறை கட்டாயம், நேரடியாகப் பட்டால் தோல் எரியும்.

இலங்கையில் 'எம்புல்' என்ற வாழை ரகத்தில் இதை முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். கறுவா எண்ணெய்க் குழம்பில் நனைத்த பழங்களை 14 டிகிரி செல்சியஸில் 21 நாள் வரை வைத்திருக்க முடிந்தது. குளிரும் சேர்ந்து செய்த வேலை அது. எண்ணெய் ஆவியாகிப் போகிற பொருள். வெயிலில் நிற்கும் லாரியில் அதே பலனை எதிர்பார்க்காதீர்கள்.

இன்னொன்று. காம்பழுகல் கத்தி பட்ட வெட்டுவாயில் தொடங்குவது, அங்கே எண்ணெய் நன்றாகவே உதவும். பழத்தோலில் கறும்புள்ளி போடும் ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சாண நோய் அப்படியில்லை. காய் பச்சையாக மரத்தில் இருக்கும்போதே தோலுக்குள் நுழைந்து, பழுக்கும்வரை ஒடுங்கிக் கிடக்கும். அறுவடைக்குப் பின் முக்கினால் வேகம் குறையலாம், வேரோடு போகாது. காய்ந்த இலையையும் காய்நுனியில் காய்ந்து ஒட்டியிருக்கும் பூவையும் தோட்டத்திலேயே அகற்றுங்கள். கத்தியை அடிக்கடி கழுவுங்கள். வெட்டுவாயில் வடியும் வாழைப் பாலைக் கழுவும் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். அழுக்குத் தண்ணீரில் ஒரு சீப்பின் நோய் எல்லாச் சீப்புக்கும் போய்விடும்.

எண்ணெய் வாங்கும்போது 'எசன்ஸ்' என்று விற்பதை வாங்காதீர்கள். கறுவாவில் பட்டை எண்ணெயும் இலை எண்ணெயும் வேறு வேறு. இலை எண்ணெயில் யூஜினால்தான் அதிகம். ஒன்றின் அளவை மற்றதற்குப் போடக்கூடாது.

அந்த விவசாயியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். லோடு முழுவதையும் முக்காதீர்கள். ஐந்து சீப்பை மட்டும் முக்கி, நிழலில் உலரவிட்டு, மூன்றாம் நாள் தோலைப் பாருங்கள். பழுத்ததும் ஒன்றை உரித்துத் தின்று பாருங்கள். கிராம்பு வாசம் நாக்கில் நின்றால் அளவைக் குறைத்து மறுபடி ஐந்து சீப்பு.